வேலைக்குப் பிறகு ஓவியம்: பாகான் டத்தோ வட்டாரமும் வயதுவந்தோரின் கலைக்கல்வியும்

பேராக் ஆறு கடலில் கலக்கும் பாகான் டத்தோவில் ஓவியக் கல்லூரி கிடையாது. அந்த வட்டாரத்துத் தோட்டத் தமிழர் ஒருவர் ஓவியத்தைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டுமானால் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். வெளியேறக் கையில் காசு வேண்டும். ஆகவே பெரும்பாலும் முதலில் வேலை, பிறகுதான் பட்டம் என்ற வரிசை உருவானது. அந்த வேலையும் பெரும்பாலும் ஆசிரியர் வேலைதான். மலேசியாவில் ஓவியக் கல்வி வளர்ந்த வரலாற்றை ஆசிரியர் பயிற்சியின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. முப்பது, நாற்பது வயதில் ஓவிய வகுப்பில் உட்கார்ந்தவர்களைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடலோரக் களிமண் நிலத்தில் தென்னையும், உள்ளே தள்ளி ரப்பரும், பின்னாளில் செம்பனையும் பயிரான மண் இது. ஊத்தான் மெலிந்தாங் பக்கத்து ஜெண்டராட்டா தோட்டத்தை 1906இல் தொடங்கியவர் டென்மார்க் பொறியாளர் ஓகே வெஸ்டன்ஹோல்ஸ். இத்தகைய தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு. சட்டம் பள்ளியைத் தந்ததே தவிர, பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தரவில்லை. பல தோட்டங்களில் கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ லயத்துக்கு அருகே ஒரு கொட்டகையில் பாடம் நடத்தினார். எழுத்தும் கணக்கும் போக ஓவியத்துக்கு அங்கே நேரமும் இல்லை, வண்ணமும் இல்லை.

ஆனாலும் தோட்டத்தில் கலை இல்லாமல் இல்லை. வாசலில் கோலம் இருந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் குருத்தோலைத் தோரணம் கட்டினார்கள். ஈர்க்கை நீக்கி, இளம் ஓலையை மடித்து, முனையைச் செருகிக் கிளியாக்கும் அந்தக் கைவேலைக்குத் தென்னந்தோட்டத்தில் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. கோயில் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வந்து தங்கி வேலை செய்தார்கள். இவையெல்லாம் பார்த்துப் பழகிய கலைகள். இவற்றுக்குச் சான்றிதழ் கிடையாது என்பதால், கல்லூரி வாசலில் இவை எதுவும் தகுதியாக எண்ணப்படவில்லை. இந்த வரலாற்றில் நெடுங்காலம் நீடித்த அநியாயம் இதுதான்.

தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகுமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்க வேண்டியிருந்தது. பாட மொழி முதலில் ஆங்கிலம், 1970களிலிருந்து படிப்படியாக மலாய். ஐந்தாம் படிவம் வரை தாக்குப்பிடித்தவருக்கு வீட்டில் தம்பி தங்கைகள் காத்திருப்பார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி உதவித்தொகை கொடுத்தது, முடித்ததும் வேலை கொடுத்தது. ஓவியத்தில் ஆசை உள்ளவருக்கும் அதுவே அறிவுள்ள முடிவு.

அந்த ஆசிரியர் உலகத்துக்குள் ஓவியம் முறையாக நுழைந்தது 1951இல். ஆங்கிலேயரான பீட்டர் ஹாரிஸ் மலாயாவின் ஓவியக் கல்வி மேற்பார்வையாளராக வந்து, அடுத்த ஆண்டே கோலாலம்பூரில் ‘புதன்கிழமை ஓவியக் குழு’வைத் தொடங்கினார். பகலில் பள்ளியிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்கள் வாரம் ஒருமுறை கூடி வரைந்தார்கள். சான்றிதழும் தேர்வும் இல்லாத அந்தக் கூடம்தான் நாட்டின் முதல் தலைமுறை ஓவியர்கள் பலருக்குப் பள்ளிக்கூடம். குழுவில் இருந்த தமிழ்ப் பெண்களில் சிவம் செல்வரத்னமும் கிரேஸ் செல்வநாயகமும் குறிப்பிடத்தக்கவர்கள். மலாய் ஜரிகைத் துணியான சொங்கெட் பற்றிக் கிரேஸ் எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் மலாயா மாணவர்களுக்கென்றே இரண்டு பயிற்சிக் கல்லூரிகள் இயங்கின. லிவர்பூல் அருகே கர்க்பி 1952 முதல் 1962 வரையிலும், வுல்வர்ஹாம்ப்டன் அருகே பிரின்ஸ்போர்ட் லாட்ஜ் 1955 முதல் 1964 வரையிலும் ஆசிரியர்களைத் தயாரித்தன. வேலைக்குப் பிறகு ஓவியம் என்ற பாதையைத் தெளிவாகக் காட்டுபவர் குவாந்தானில் 1939இல் பிறந்த ரெட்சா பியதாசா. பிரின்ஸ்போர்டில் பயிற்சி பெற்று, பள்ளியில் கற்பித்து, அதன் பிறகே லண்டன் ஹார்ன்சி ஓவியக் கல்லூரிக்குப் போனார். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றது 1977இல், நாற்பதை நெருங்கும்போது. அதற்குள் அவரே ஓவிய விரிவுரையாளராகியிருந்தார். 1974இல் சுலைமான் ஈசாவுடன் சேர்ந்து நடத்திய கண்காட்சியால் நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பியிருந்தார். பெயர்பெற்ற பின்னும் மாணவராக உட்காரத் தயங்காதவர்.

1960இல் கோலாலம்பூர் செராஸில் சிறப்பாசிரியர் பயிற்சி நிலையம் தொடங்கியது. ஏற்கெனவே பணியில் இருந்த ஆசிரியர்கள் ஓவியம் போன்ற ஒரு பாடத்தில் மட்டும் ஆழ்ந்து பயில அது வழிசெய்தது. சம்பளத்தை இழக்காமல் ஓவியம் படிக்கலாம் என்ற நிலை அங்கே உருப்பெற்றது. உள்ளூர்ப் பள்ளியில் ஓவியம் கற்பித்த ஆசிரியருக்கு அது எவ்வளவு பெரிய திறப்பு என்பதை மிகைப்படுத்திச் சொல்ல முடியாது.

தமிழருக்கு இன்னொரு வழியும் இருந்தது: சென்னை. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி, வேலையை விட்டுவிட்டு வந்தவர்களை முன்பே பார்த்திருந்தது. கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், தந்தை இறந்ததால் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்து குடும்பத்தைக் காத்தார். இருபத்தைந்து வயதில்தான் அங்கே மாணவரானார். 1957இல் அதே நிறுவனத்தின் முதல்வரானார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அழகன்குளத்தில் 1943இல் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீனும் இருபதுகளின் நடுவில் அந்தக் கல்லூரிக்குத்தான் போனார். மலேசிய ஓவியத்தில் அவர் பெயரைச் சொல்லும் நீண்ட கழுத்தும் பாதி மூடிய கண்களும் கொண்ட பெண் உருவங்களில் இந்தியச் சுவரோவிய மரபின் கோடு தெரிகிறது. பணம் திரட்டிக் கப்பலேற முடிந்தவர்களுக்கே இந்த வழி திறந்திருந்தது.

உள்நாட்டில் ஓவிய உயர்கல்விக் கதவுகள் 1967 முதல் திறந்தன. மாரா தொழில்நுட்பக் கழகத்தின் கலைப் பள்ளி அந்த ஆண்டில் தொடங்கியது. ஆனால் அது மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினருமான பூமிபுத்ராக்களுக்கான நிறுவனம், தோட்டத் தமிழருக்கு அங்கே இடமில்லை. அதே ஆண்டில் தோன்றிய மலேசியக் கலைக் கழகம் தனியார் நிறுவனம். கட்டணம் செலுத்த வேண்டும். 1969இல் பினாங்கில் உருவான அறிவியல் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் நுண்கலையைப் பாடமாக ஏற்றது. அங்கேதான், பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் பாடம் தொடங்கிய அதே 1971இல், வேலை பார்ப்பவர்களுக்கான வெளிவளாகத் திட்டமும் தொடங்கியது. ஆசிரியர்கள் பலர் அதில் சேர்ந்து, விடுமுறையில் பினாங்குக்குப் போய்த் தீவிர வகுப்பில் அமர்ந்து பட்டதாரிகளானார்கள்.

ஆனால் வரலாற்றையும் இலக்கியத்தையும் தபாலில் அனுப்பலாம்; ஓவியத்தை அப்படி அனுப்ப இயலாது. எண்ணெய் வண்ணம் காயும்வரை காத்திருக்க வேண்டும், அச்சு எடுக்க இயந்திரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்ததைச் சுவரில் மாட்டி, ஆசிரியரும் சக மாணவரும் முன்னால் நின்று குறை நிறை சொல்லும் நேரம் வேண்டும். ஆகவே வயதுவந்தோருக்கான தொலைக்கல்வி விரிந்தபோது கலைப் பாடங்கள் பின்தங்கியது தற்செயலல்ல.

வெளிநாட்டுக்குப் போனவர்களின் படைப்புகளும் இக்கதையில் சேரும். பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் 1970களில், முப்பது வயதைத் தாண்டிய பின், ஆக்ஸ்போர்ட் பாலிடெக்னிக்கில் படித்தார். சூழல் சீர்கேட்டைப் புகைப்படங்களும் ஆவணங்களும் கொண்டு முன்வைத்த அவரது படைப்புகள் மலேசியக் கலையில் புதியவை. சட்டம் படித்துப் பத்திரிகைத் துறையில் இருந்த ஜெ. அனுரேந்திரா, பின்னர் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் நுண்கலை முதுகலை பெற்றார். மலேசிய இந்தியரின் வரலாற்றை ஓவியத் தொடராகத் தீட்டிய அவரது 2001ஆம் ஆண்டுப் படைப்பை, தோட்ட வாழ்வை அறிந்தவர்கள் தங்கள் குடும்ப ஆல்பமாகவே பார்க்க முடியும்.

பேராக்கிலேயே பெரிய மாற்றம் தஞ்சோங் மாலிமில் நிகழ்ந்தது. 1922இல் மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் கூடை முடைதல் போன்ற கைவினைகள் பாடமாக இருந்தன. அக்கல்லூரி 1997இல் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, கலைக் கல்வியில் பட்டமும் வழங்கலாயிற்று. தமிழரும் அதில் சேர்ந்தார்கள். பட்டயம் மட்டும் வைத்திருந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைப் பட்டதாரிகளாக்கும் அரசுத் திட்டங்களும் வந்தன. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் வகுப்புகள் நடந்தன. தமிழ்ப்பள்ளிகளில் ‘காட்சிக் கலைக் கல்வி’ என வழங்கும் பாடம் வரைதல், கோலம் அமைத்தல், உருவாக்குதல், மரபுக் கைவினை என நான்காகப் பிரிந்திருப்பதால், ஓலை முடைதலும் வகுப்பறைக்குள் மதிப்புடன் வந்து சேர்ந்தது.

சான்றிதழ் இல்லாத அனுபவத்துக்கு மதிப்பளிக்கும் முறை அதற்கும் பிறகுதான் வந்தது. ‘ஏப்பல்’ எனப்படும் அத்திட்டத்தில், 21 வயது கடந்தவர் எஸ்.டி.பி.எம். என்ற உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லாமலே இளங்கலைக்கு விண்ணப்பிக்கலாம். முதுகலைக்கு வரம்பு 30 வயது. வேலை அனுபவத்தையும் செய்த படைப்புகளையும் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, திறன் சோதனை எழுத வேண்டும். விளம்பரப் பலகை எழுதியவரும் கோயில் சுதை வேலை செய்தவரும் தங்கள் உழைப்பைத் தகுதியாகக் காட்ட இது இடம் தருகிறது. ஆனால் சேர்க்கை கிடைத்த பிறகும் கூடத்தில் நிற்கும் மணிநேரங்கள் குறையவில்லை. பாகான் டத்தோவிலிருந்து படிப்பவர் இன்றும் தஞ்சோங் மாலிமுக்கோ பினாங்குக்கோ போய்த் தங்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வேலையும் வீடும் அதற்கேற்ப மாற வேண்டும்.