யயாதியின் முதுமையும் கருடக் கல்லும்

கூடு விட்டுக் கூடு பாய்வது தமிழனுக்குப் பழைய சமாசாரம். ஆனால் தகப்பனும் பிள்ளையும் உடம்பை மாற்றிக்கொள்வதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனம் வரவில்லை. மேற்கில் இது தனியொரு சினிமா வகையாகவே நிலைத்துவிட்டது.

மூலம் 1882இல் வந்த 'வைஸ் வெர்ஸா' என்ற நாவல். எஃப். ஆன்ஸ்டி என்ற புனைபெயரில் தாமஸ் ஆன்ஸ்டி கத்ரி எழுதியது. விடுமுறை முடிந்து விடுதிப் பள்ளிக்குத் திரும்ப அழும் மகனிடம், 'நானும் உன்னைப்போல் பையனாகிவிடக் கூடாதா' என்று பெருமூச்சு விடுகிறார் வியாபாரியான தகப்பன். கையில் ஒரு கல். பலித்துவிடுகிறது. மகன் தகப்பன் உருவத்தில் வீட்டில் கொட்டமடிக்க, தகப்பன் பள்ளிக்கூடத்தில் பிரம்புக்கு நடுங்குகிறார். அந்தக் கல் மைத்துனன் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது. பெயர் கருடக் கல். மந்திரம் நம்முடையது, சிரிப்பு அவர்களுடையது. பீட்டர் உஸ்தினோவ் இதை 1948இல் படமாக்கினார். மேரி ராட்ஜர்ஸின் 1972ஆம் வருஷத்து நாவலில் மாறுபவர்கள் தாயும் மகளும்; டிஸ்னி நிறுவனம் 1976இல் எடுத்த 'ஃப்ரீக்கி ஃப்ரைடே' 2003இல் மறுபடி எடுக்கப்பட்டது. அதில் மந்திரம் சீன உணவுக்கடையிலிருந்து வருகிறது. 2025இல் வந்த அடுத்த பாகத்தில் நாலு பேர் மாறுகிறார்கள். சரக்கு தீர்ந்துவிட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

இவை பெரும்பாலும் வியாபாரப் படங்கள்தாம். ஆனாலும் அவற்றின் அடியில் விபரீதமான ஓர் எண்ணம் ஓடுகிறது. பெரியவரின் அதிகாரம் அவர் அறிவில் இல்லை, அனுபவத்திலும் இல்லை, வெறும் உடம்பில் இருக்கிறது. உடம்பு போனால் அதிகாரமும் போயிற்று.

நம் கதைகளில் பாய்ச்சல் ஒருவழிப் பாதை. சாத்தனூரில் செத்துக் கிடந்த இடையன் மூலனின் உடம்புக்குள் சிவயோகியார் புகுந்தார், அழுத பசுக்களுக்காக. திரும்பி வந்தபோது அவருடைய பழைய உடம்பைக் காணோம். சங்கரர் புகுந்ததும் அமருகன் என்ற அரசனின் பிணத்தில். அருணகிரிநாதர் கிளியானார், திருவண்ணாமலையில் கோபுரத்துக்கே அந்தப் பெயர். எல்லாம் காலியான வீட்டில் குடிபோவதுதான். உயிரோடிருக்கும் இன்னொருவன் எதையும் இழப்பதில்லை. (மூலனின் மனைவி இழந்தாள். அவளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.)

உயிரோடிருக்கும் இருவர் மாற்றிக்கொள்வது யயாதி கதையில் நடக்கிறது, அதுவும் தகப்பனுக்கும் மகனுக்கும். சுக்கிராச்சாரியார் சாபத்தால் கிழவனான யயாதி பிள்ளைகளிடம் இளமையை யாசிக்கிறான். யது, துர்வசு, த்ருஹ்யு, அனு நால்வரும் மறுக்கிறார்கள். கடைக்குட்டி பூரு மட்டும் கொடுக்கிறான். ஆயிரம் வருஷ போகத்துக்குப் பிறகு இளமை திரும்புகிறது, கூடவே ராஜ்யமும். ஆன்ஸ்டியிடம் தண்டனை தகப்பனுக்கு. இங்கே தகப்பனின் தண்டனையை மகன் சுமக்கிறான், அதற்குப் பெயர் தர்மம். 1961இல் கன்னடத்தில் 'யயாதி' நாடகத்தை வெளியிட்ட கிரீஷ் கார்னாட் இதை ஜீரணித்துக்கொள்ளவில்லை. அவர் நாடகத்தில் கிழவனாகிவிட்ட பூருவை ஏற்க முடியாமல் அவன் மனைவி சித்ரலேகா உயிரை விடுகிறாள்.

தமிழில்? ராஜாஜி 'வியாசர் விருந்'தில் சொல்லியிருக்கிறார், நீதியோடு. 1938இல் பி. யு. சின்னப்பா நடித்து 'யயாதி' என்று ஒரு படமே வந்தது. ஆனால் அது நம் சினிமாவில் ஒரு பாதையைத் திறக்கவில்லை. வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டவர், அதாவது எங்கள் பக்கத்து மனிதர். காணையைச் சுற்றி இன்றும் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிறது. கூத்தில் பேர்பெற்ற இரவுகள் வில்வளைப்பு, அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். யயாதி வம்சாவளியில் ஒரு பெயர், அவ்வளவே. துரியோதனனையே திரைக்கு முன் நிறுத்தி 'நீ யாரப்பா' என்று கேட்டு மானத்தை வாங்குகிற கட்டியக்காரனிடம் இந்தக் கிழவன் அகப்பட்டிருந்தால் ஆன்ஸ்டிக்கு முந்நூறு வருஷம் முன்பே நமக்கு இந்த ஹாஸ்யம் கிடைத்திருக்கும்.

தமிழ்ப்படத்தில் ஆள்மாறாட்டம் சமவயதினருக்குள்தான் அதிகம். 1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் 'குழந்தையும் தெய்வமும்' இரண்டுமே இரட்டைப் பிறவிகள். குறுக்காக மாறலாம், மேலும் கீழுமாகக் கூடாது. ஏன் என்று கேட்டால் மரியாதை என்பார்கள். வங்கியில், தகப்பன் வாங்கிய பயிர்க்கடனைத் தன் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளும் மகன்களைப் பார்க்கிறவனுக்கு அந்தச் சொல் போதவில்லை. பூரு பரம்பரை அது.

விதிவிலக்குக்கு அருகே வந்த ஒரு படம் 1969இல் ஏ. சி. திருலோகசந்தர் எடுத்த 'தெய்வமகன்'. தகப்பனும் இரு மகன்களும் ஒரே சிவாஜி கணேசன். தழும்பேறிய தன் முகத்தையே பிறந்த குழந்தையிடம் பார்த்த தகப்பன், அதைக் கொன்றுவிடச் சொல்கிறான். தன் உடம்பு மகனிடம் இருப்பதைக் கண்ட தமிழ்த் தகப்பனின் முதல் எதிர்வினை இது. குழந்தை பிழைத்து வளர்கிறது. கடைசியில் அந்தக் குடும்பத்துக்காகச் சாகிறவனும் அதே மகன்தான்.