வேஷமும் ஆளும்

ஸ்ரீரங்கத்தில் அத்யயன உத்ஸவத்தின்போது அரையர் முத்துக்குறி அபிநயிக்கிறார். வேஷம் மாறுவதில்லை. தலையில் அதே கூம்புக் குல்லாய், கையில் அதே தாளம். தாயாகவும், காதலில் உருகும் மகளாகவும், முத்துக்களைக் கொண்டு குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் அவரே ஆகிறார். இந்த உரிமை பரம்பரையாகச் சில வைஷ்ணவக் குடும்பங்களின் ஆண்களுக்கு மட்டும் உண்டு. கட்டுவிச்சிக்குக் கோயிலில் இடம் உண்டு. தன்னையே ஆடிக் காட்ட ஒரு குறத்திக்கு இடம் இல்லை.

அரையர்மீது குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. தான் அல்லாத ஒருவராக ஆவதுதான் அபிநயம். அது இல்லாவிட்டால் கலை இல்லை. ஆனால் இந்தக் கூடுபாய்தல் நம்மிடம் ஏன் எப்போதும் ஒரே திசையில் நடக்கிறது என்று கேட்கலாம். நம் கலை விமர்சனம் ரஸம், பாவம் என்று பேசிக்கொண்டு இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறது.

திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில் விராலிமலை. அங்கே குறவஞ்சி ஆடியவர்கள் முருகன் கோயில் தேவதாசிகள். கோயிலைச் சேர்ந்த 32 பெண்களில் கடைசியாக எஞ்சியவர் என்று அறியப்படும் முத்துக்கண்ணம்மாள் ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்டவர். படியேறிப் போய்ப் பாடுவதும் ஆடுவதும் அவருக்கு அன்றாட ஊழியம். குறத்தியின் இடத்தில் இங்கே தாசி நின்றாள். 1947இல் சட்டம் பொட்டுக்கட்டுதலை நிறுத்தியது. அந்தச் சட்டத்துக்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய்வழியில் அதே சமூகத்தவர். சட்டம் நியாயமானது. ஆனால் இழிவை ஒழிக்க வந்தவர்கள் இழிவையும் வித்தையையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பிரித்து எடுத்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். 1935இல் ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறியபோது சதிர் பரதநாட்டியமாகிக்கொண்டிருந்தது. இப்போது தாசியின் இடத்தில் குலஸ்திரீ. முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ வந்தது 2022இல்.

சினிமா இந்தச் சங்கிலியில் அடுத்த கண்ணி. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ முழுக்க முழுக்க மேளக்காரர், நாட்டியக்காரியின் உலகம். திரையில் முகங்கள் சிவாஜி கணேசன், பத்மினி. நாயனத்தில் ஓடும் மூச்சு மட்டும் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களுடையது. காது ஓரிடத்திலும் கண் இன்னோரிடத்திலும் இருக்க, நாம் இரண்டையும் ஒன்றாகவே அனுபவித்தோம். படத்தில் உண்மையாகக் குத்துகிற பாத்திரம், மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி. சாஸ்திரீயக் கலையின் கௌரவம் எட்டாத நாடகக்காரி அவள். கதாநாயகிக்குக் கிடைத்த மீட்சி அவளுக்கு இல்லை. எட்டு வருஷம் கழித்து, 1976இல், சத்யஜித் ராய் ‘பாலா’ எடுத்தார். அதில் பாலசரஸ்வதியே கடற்கரையில் ஆடுகிறார். வேஷமும் ஆளும் ஒன்றாக நின்ற அபூர்வமான தருணம். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தமிழ் சினிமா அவரைத் தேடிப் போகவில்லை; கல்கத்தாக்காரர் ஒருவர் வர வேண்டியிருந்தது.

வெளியே பார்த்தால் வேறு மாதிரி ஒரு சிக்கல். 1994இல் டப்ளினில், ஒரு பாட்டுப் போட்டியின் இடைவேளையை நிரப்பவே ‘ரிவர்டான்ஸ்’ ஆடப்பட்டது. மறு வருஷம் முழு மேடைக் காட்சியாயிற்று. படம் பிடிக்கப்பட்டு உலகெங்கும் வீடியோவாக விற்றது. அயர்லாந்தின் ஆன்மா என்று கொண்டாடப்பட்ட அந்த நடனத்தின் முதல் ஜோடி, ஜீன் பட்லரும் மைக்கேல் ஃப்ளாட்லியும், அமெரிக்காவில் பிறந்தவர்கள். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ, ரஷ்ய நடனம், கறுப்பின அமெரிக்கர்களின் டாப் நடனம் எல்லாம் அதில் உண்டு. விருந்தாளிகளுக்குத் தனித்தனி உருப்படி. முடிவில் மேடையை நிறைக்கும் நீண்ட வரிசை ஐரிஷ் வரிசைதான். இதை வெறும் அலங்காரப் பன்மை என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் ஃபிளமெங்கோ ஆட மரியா பாகெஸ் என்ற ஸ்பானியப் பெண்ணே வந்தார். அவர்கள் ஆளை அழைத்து ஓரத்தில் நிறுத்துகிறார்கள். நாம் வேஷத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துகிறோம்.

மறுபடியும் ஸ்ரீரங்கம். அரங்கன்மேல் காதல்கொண்டு டில்லியிலிருந்து வந்த சுல்தான் மகள் துலுக்க நாச்சியாருக்கு அங்கே சந்நிதி உண்டு. விக்ரகம் இல்லை, சித்திரம். அவளுக்காக அரங்கன் கைலி கட்டுகிறான், ரொட்டி அமுது செய்கிறான். இத்தனை பெரிய கற்பனை வேறெந்த ஸ்தலத்துக்கு வாய்த்தது? அதே கோயிலில் 2021 டிசம்பரில், வைஷ்ணவத்தில் தோய்ந்த பரதநாட்டியக் கலைஞர் ஜாகிர் உசேன், அவர் பிறந்த மதத்தைச் சொல்லித் தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டார். சித்திரத்தை உள்ளே வைத்த மனமும் ஆளை வெளியே அனுப்பிய மனமும் ஒன்றுக்கொன்று முரண் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சித்திரம் நடந்து வராது; வாசலில் நின்று உள்ளே விடு என்று கேட்காது. முத்துக்குறியின் கட்டுவிச்சியும் கேட்டதில்லை.