அடிபட்டவரும் இன்சூரன்ஸ் கம்பெனியும்: சாலை விபத்து இழப்பீட்டின் வரலாறு

அகரம்தென் சாலையில் மாடம்பாக்கத்தைத் தாண்டும் தண்ணீர் லாரி ஒன்று நடந்துபோகிறவர் மீது மோதிவிட்டால், கூடிய கூட்டத்தில் சீக்கிரமே எழும் கேள்வி: “வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?” அடிபட்டவர் அந்த பாலிசியில் கையெழுத்துப் போட்டவர் அல்லர், பிரீமியம் கட்டியவரும் அல்லர். ஆனாலும் அதில் அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் படிப்படியாகத்தான் பெற வேண்டியிருந்தது.

1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டப்படி, இறந்தவரின் குடும்பம் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டியிருந்தது. ஜெயித்தாலும் வண்டிக்காரரிடம் சொத்து இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதம். பிரிட்டன் 1930இல், அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் தரும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதையே ஏற்றது. ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்றுதான். விபத்து வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழிசெய்தது 1956ஆம் ஆண்டுத் திருத்தம்.

அப்போதும் கம்பெனியின் பொறுப்புக்கு உச்சவரம்பு இருந்தது. சரக்கு லாரி என்றால் 20,000 ரூபாய். 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 50,000. 1982இல் ஒன்றரை லட்சம். 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம்தான் மூன்றாம் நபரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இருந்த வரம்பை எடுத்தது.

பணத்துக்கு முன்னால் இன்னொரு தடை நின்றது: டிரைவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். இதில் தமிழகத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு முக்கியமானது. இருட்டிய பிறகு ஒரு தனியார் பஸ், தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. பாதிக்கப்பட்ட 26 பேரில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். நடந்தது தெய்வச் செயல் என்று கிரிமினல் கோர்ட் டிரைவரை விடுவித்தது. அந்த விடுதலை இழப்பீட்டைத் தடுக்காது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், சின்னச் சின்னச் சந்தேகங்களைக் காட்டிப் பஸ் முதலாளிகளைத் தப்பவிடக் கூடாது என்று தீர்ப்பாயங்களை எச்சரித்தார். யார்மீது தவறு என்று பாராமல் மரணத்துக்கு 15,000 ரூபாய் தரும் பிரிவு 1982இல் வந்தது. தொகை சிறியது, ஆனால் அது ஏற்றுக்கொண்ட கொள்கை பெரியது.

அடுத்து லைசென்ஸ். டிரைவரிடம் அது இல்லையென்றோ போலி என்றோ சொல்லிக் கம்பெனிகள் கைவிரித்தன. 2004 ஜனவரியில் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்துக்குக் கடிவாளம் போட்டது: லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் போதாது, உரிமையாளர் தெரிந்தே விதியை மீறினார் என்பதையும் கம்பெனியே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும், அடிபட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். கம்பெனிக்கும் உரிமையாளருக்கும் உள்ள தகராறில் விதவை காத்திருக்கத் தேவையில்லை என்ற இந்த நிலைப்பாடே, முழு வரலாற்றிலும் மிக நியாயமானது.

தொகையைக் கணக்கிடும் முறையை 2009இல் உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பும் 2017இல் பிரணய் சேத்தி தீர்ப்பும் ஒழுங்குபடுத்தின. உதாரணத்துக்கு, மாதம் 15,000 சம்பாதித்த 32 வயதுக் கொத்தனார் ஒருவர் விபத்தில் இறக்கிறார். மனைவி, தாய், இரண்டு குழந்தைகள். வருங்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750, வருடத்துக்கு 1,89,000. அந்த வயதுக்கான பெருக்கெண் 16. ஆக 30,24,000 ரூபாய். ஈமச்செலவு முதலியவை தனி. ஆனால் தினக்கூலிக்காரருக்குச் சம்பளச் சீட்டு ஏது? அந்த 15,000 என்பதை நிரூபிப்பதில்தான் உண்மையான போராட்டம்.

அரசுப் பஸ் மோதினால் கதை வேறு. தனி நிதி வைத்திருக்கும் அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்களிக்கச் சட்டம் இடம் தருகிறது. கம்பெனி இல்லாத இடத்தில் போக்குவரத்துக் கழகமே கொடுக்க வேண்டும். தாமதமானால் கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து, பயணிகளை இறக்கிவிட்டு, கண்ணாடியில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டுகிறார். தமிழ்நாட்டில் இது அடிக்கடி வரும் செய்தி.

சரக்கு வண்டியில் ஏறிப் போகிறவர்களின் நிலை இன்னும் மோசம். கட்டட வேலைக்குக் ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டியின் பின்புறம் நின்றபடி போகும் கூலியாள், வண்டிக்காரரின் ஊழியரோ சரக்கின் சொந்தக்காரரோ இல்லையென்றால், 2002 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத்தின் ஆஷா ராணி தீர்ப்பின்படி சட்டக் கட்டாய பாலிசி அவருக்குப் பொருந்தாது. சொந்தக் காரில் உடன் போகிறவருக்கும் இந்த ‘ஆக்ட் ஒன்லி’ பாலிசி உதவாது. இந்த ஓட்டையை அடைக்க, புது வண்டிகளுக்கு ஐந்தாண்டு முழுக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட்டில் உத்தரவிட்டது. அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பே கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கு நிலைத்த பலனைத் தந்தது. அதன் விளைவாக 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாண்டும் பைக்குக்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் காப்பீட்டை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியால் நேரும் மரணத்துக்கான தொகையை 25,000இலிருந்து 2 லட்சமாக உயர்த்தியது. அதே திருத்தம் 1994இல் நீக்கப்பட்ட காலக்கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது: 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். மனுவைச் செங்கல்பட்டில் போடுவதா, சென்னை சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் போடுவதா என்று வக்கீலிடம் கேட்கக்கூட, ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வராத குடும்பங்களுக்கு அந்த ஆறு மாதம் போதாது.