நிலைக்காலும் நடைவழியும்: கூட்டுக் குடியிருப்பு விதிகளில் சமயச் சின்னத்தின் இடம்

பலர் கூடி உரிமை கொண்ட அடுக்குமாடிக் கட்டடத்தில், கதவுக்கு உட்புறம் உள்ளது உரிமையாளரின் சொந்த வீடு என்றும், வெளிப்புறம் உள்ள நடைவழியும் படிக்கட்டும் முன்கூடமும் அனைவர்க்கும் பொது என்றும் பாகுபாடு செய்துகொள்வது எளிது. ஆயின் கதவைத் தாங்கி நிற்கும் நிலைக்காலின் வெளிமுகம் இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது என்று வினவுமிடத்து, சொத்துரிமை தரும் விடையும் சமய வாழ்வு தரும் விடையும் மாறுபடுகின்றன. பத்திரத்தின்படி அது பொதுச் சுவரின் ஒரு பகுதி. பக்தியுள்ள குடும்பத்திற்கோ அதுவே இல்லத்தின் தொடக்கம். இம்மாறுபாட்டைத் தீர்க்குமிடத்து, விதியின் வாசகம் எல்லோரையும் ஒரு சேரக் கட்டுப்படுத்துகிறதா என்று மட்டும் பார்த்தல் போதாது. அவ்விதியால் எவரேனும் அங்குக் குடியிருக்கவே இயலாத நிலை உண்டாகிறதா என்று பார்த்தலே நியாயத்தின் அளவையாக வேண்டும் என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது, யூதர்களின் மெஸூஸா பற்றி அமெரிக்காவின் சிகாகோ நகரில் எழுந்த வழக்காகும். உபாகமத்தின் 6ஆம் அதிகாரத்து 4 முதல் 9 வரையிலும், 11ஆம் அதிகாரத்து 13 முதல் 21 வரையிலும் உள்ள வசனங்கள், அதற்கெனப் பயின்ற எழுத்தரால் எபிரேய மொழியில் தோற்சுருளில் எழுதப்பெற்று, சிறியதோர் உறையில் இடப்பட்டு, நுழைவோரின் வலப்புற நிலைக்காலில் பொருத்தப்படுகின்றன. கும்ரான் குகைகளில் கிடைத்த ஏடுகளுள்ளும் இத்தகைய சுருள்கள் காணப்பட்டமையால் இவ்வழக்கத்தின் தொன்மை விளங்கும். ஆசாரத்தில் ஊன்றிய யூதருக்கு இது அலங்காரமன்று, வேதத்தின் கட்டளை. வாயிலுக்கென விதிக்கப்பட்டதை உள்ளறைச் சுவரில் மாட்டி நிறைவேற்றிவிட்டதாக அவர் கொள்ளவும் இயலாது.

சிகாகோவின் ஷோர்லைன் டவர்ஸ் குடியிருப்பின் நிர்வாகம், வீட்டுக் கதவுகளுக்கு வெளியே மிதியடி, காலணி, வண்டி முதலிய எப்பொருளும் இருத்தலாகாது என்று 2001இல் ஒரு விதி செய்தது. அதனை வகுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவரே பின்னர் வழக்குத் தொடுத்த யூத அம்மையார் என்பது, அவ்விதி நிலைக்காலில் பதித்த சின்னத்தையும் தழுவும் என்று அந்நாளில் எவரும் கருதவில்லை என்பதற்குத் தக்க சான்று. 2004இல் நடைவழிகளைப் புதுப்பித்த பின்னரே, அதே வாசகத்தைக் கொண்டு மெஸூஸாக்கள் அகற்றப்பட்டன. அவ்வம்மையாரின் குடும்பத்தார் மீண்டும் பதிக்க, பணியாளர் மீண்டும் அகற்றினர். குடும்பத் தலைவர் இறந்து, துக்கம் காக்கும் நாட்களிலாவது அதனை விட்டுவைக்குமாறு வேண்டிக்கொண்டிருந்தும், அவர்கள் நல்லடக்கத்திற்குச் சென்றிருந்த வேளையில் அது அகற்றப்பட்டதாக வழக்கில் உரைக்கப்பட்டது.

2008இல் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் ஆயம், இருவர்க்கு ஒருவர் என்ற கணக்கில், குடும்பத்தாரின் கோரிக்கையை மறுத்தது. நீதிபதி ஈஸ்டர்புரூக் எழுதிய அத்தீர்ப்பின் தருக்கம் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. கிறிஸ்துமஸ் மலர்வளையத்தையும் அரசியல் விளம்பரத்தையும் விளையாட்டுக் குழுவின் கொடியையும் ஒப்பவே விலக்கும் விதி எச்சமயத்தையும் குறிவைத்ததாகாது. 1988இல் திருத்தப்பட்ட 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் உடற்குறை உடையோர்க்கு விதிவிலக்கு அளிக்கும் கடமையை வெளிப்படையாக விதித்திருக்க, சமயத்திற்கு அவ்வாறு விதிக்கவில்லை. ஆதலின் விலக்களிக்க மறுத்தல் பாரபட்சமாகாது என்பது அதன் சாரம். மாறுபட்ட நீதிபதி டயான் வுட், மெஸூஸாவைத் தடுத்தல் ஆசாரமுள்ள யூதரை அவ்வீட்டிலிருந்தே வெளியேற்றுதற்கு ஒப்பாகும் என்று கண்டார்.

இவ்விரண்டாம் கருத்தே வலிமை உடையதென்பது என் துணிபு. மலர்வளையத்தை எடுத்துவிட்ட கிறிஸ்தவர் ஓர் அழகை இழக்கிறார். கொடியை இறக்கியவர் ஓர் உற்சாகத்தை இழக்கிறார். மெஸூஸாவை இழந்த யூதரோ தம் தருமத்தை விடுதல் அல்லது தம் வீட்டை விடுதல் என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியவராகிறார். மூவர் மீதும் ஒரே விதி விழுந்தது என்பது மெய். ஒரே சுமை விழுந்தது என்பது மெய்யன்று. வாசகத்தில் உள்ள சமத்துவம் வாழ்க்கையில் சமத்துவமாக விளைகிறதா என்று ஆராயாத நடுநிலைமை, பெரும்பான்மையோரின் பழக்கத்தையே பொது நியதியாக்கிவிடும்.

2009 நவம்பரில் அந்நீதிமன்றத்தின் முழு ஆயம், நீதிபதி டிண்டர் எழுதிய தீர்ப்பால், வழக்கை விசாரணைக்குத் திருப்பியது. வீட்டை வாங்கிக் குடியேறிய பின்னர் இழைக்கப்படும் பாரபட்சத்திற்கும் சட்டத்தில் பரிகாரம் உண்டு என்றும், நெடுங்காலம் பொறுத்துவந்த சின்னத்தை நிர்வாகம் திடீரென விலக்கியதில் வேண்டுமென்றே செய்த பகைமையைச் சான்றாயர் காணக்கூடும் என்றும் அது கருதியது. வரவேற்கத்தக்க முடிவே எனினும், அது தீய நோக்கத்தையே ஆதாரமாகக் கொண்டது. நல்லெண்ணத்தோடு செய்த விதி ஒரு குடும்பத்தை வெளியேற்றுமாயின் என் செய்வது என்ற வினாவிற்கு அதில் விடையில்லை.

அவ்விடையைச் சட்டமன்றங்களே தந்தன. சிகாகோ நகரம் 2005லேயே வாயிலில் சமயச் சின்னம் வைத்தலைத் தடுக்கலாகாது என்று ஆணையிட்டது. இல்லினாய் மாநிலமும் அதனைப் பின்பற்றியது. புளோரிடா 3 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் ஒன்றரை அங்குலக் கனமும் மிகாத பொருளுக்கு இடமளித்தது. டெக்சாஸ் 2011இல் 25 சதுர அங்குல எல்லை வகுத்து, 2021இல் அவ்வெல்லையை நீக்கியது. இவற்றுள் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. இல்லினாய்ச் சட்டம் சமயம் கட்டளையிட்ட பொருள்களைப் பெயர் சுட்டிக் காக்கிறது. டெக்சாஸ் சட்டமோ குடியிருப்பவரின் உண்மையான சமய நம்பிக்கையினின்று தோன்றியவற்றைக் காக்கிறது. வேத வசனம் காட்டக்கூடிய மெஸூஸாவுக்கு இரண்டும் ஒன்றே. வாயிலில் கோலமும் மாவிலைத் தோரணமும் நிலைக்கு மேல் பிள்ளையார் படமும் வைக்கும் தமிழ்க் குடும்பத்திற்கோ, சம்பிரதாயமாக வழிவழி வந்த இவற்றிற்கு எந்த நூலின் எந்தக் கட்டளையைக் காட்டுவது என்ற சங்கடம் உண்டு.

இங்கே கனடா உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒளி தருகிறது. மான்ட்ரியாலில் கூடாரப் பண்டிகைக்காகத் தம் மாடி முகப்பில் சிறுகுடில் அமைத்த யூதர்களைக் கூட்டுரிமைப் பத்திரம் தடுத்தபோது, தோட்டத்தில் பொதுக்குடில் ஒன்று அமைக்கலாம் என்று நிர்வாகம் கூறியது. அவர்கள் அதனை ஏற்கவில்லை. 2004 ஜூன் 30ஆம் நாள், ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில், நீதிபதி யாக்கோபுச்சி தலைமையிலான பெரும்பான்மை, நம்பிக்கை நேர்மையானதா என்பதே நீதிமன்றம் காணவேண்டுவது, சமயநூல் அதனைக் கட்டாயமாக்குகிறதா என்பதன்று எனத் தீர்த்தது. பத்திரத்தில் ஒப்பமிட்டு வாங்கியவர் அதற்குக் கட்டுப்பட்டவரல்லரோ என்று மாறுபட்ட நீதிபதி பின்னி எழுப்பிய ஆட்சேபம் கனமானது. ஆயினும், எந்த மாளிகைக்குச் சென்றாலும் இத்தகைய பத்திரமே நீட்டப்படும் நகரத்தில், ஒப்பம் முழுச் சம்மதமாகாது. மேலும், சிகாகோவில் நேர்ந்தது போல, ஒப்புக்கொண்ட வாசகத்திற்குப் பின்னாளில் புதுப்பொருள் கற்பிக்கப்படுமாயின், சம்மதம் என்ற வாதமே நிலைகுலைகிறது.

இதனால் நிர்வாகத்தின் அதிகாரம் அற்றுப்போவதில்லை. தீயணைப்பு வழியை மறைத்தல், பொதுச் சுவரைச் சிதைத்தல், அயலாரை நிந்தித்தல் ஆகியவற்றைத் தடுக்கும் விதிகள் தக்கனவே. நிலைக்காலின் எல்லைக்குள் அடங்கி, எவருக்கும் இடையூறு செய்யாத சின்னத்தை, தோற்ற ஒருமை என்ற ஒரே காரணத்தால் அகற்றுதல் தகாது.

சிகாகோவிலும் டெக்சாஸிலும் சிறுபான்மையினராகக் கதவு திறக்கும் தமிழர், சென்னையிலும் கோவையிலும் பெரும்பான்மையினராகச் சங்கக் கூட்டங்களில் அமர்கின்றனர். அங்கே தமக்கு வேண்டும் சலுகையை இங்கே சிலுவைக்கும் பிறைக்கும் அளிக்கக் கடமைப்பட்டவர்கள் அவர்கள். ஒரு விதிக்குக் கை உயர்த்துமுன், இதனால் யாருடைய வீடு அவர்க்கு வீடாக இல்லாமற் போகும் என்று ஒருமுறை கேட்டறிவது ஒவ்வோர் உறுப்பினரின் பொறுப்பு. அவ்வினாவைக் கேளாது நிறைவேறும் விதி, எத்தனை பேர் ஒப்புக்கொண்டதாயினும், நியாயமான விதியாகாது.