21 பேரும் ஒரு தாயும்

ரோமப் பேரரசன் தியோகிளேசியன் எகிப்தின் கிறிஸ்தவர்களை வேட்டையாடிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அவன் அரியணை ஏறிய கி.பி. 284-இலிருந்துதான் எகிப்தின் காப்டிக் திருச்சபை இன்றும் ஆண்டுகளை எண்ணுகிறது. இரத்த சாட்சிகளின் சகாப்தம் என்று அதற்குப் பெயர். அந்தக் கணக்கில் 1731-ஆம் ஆண்டு, அம்ஷீர் மாதம் 8-ஆம் நாள். நமக்கு 2015 பிப்ரவரி 15. அன்றுதான் அந்தக் காணொளி வெளியானது.

லிபியாவின் சிர்த் நகரை ஒட்டிய கடற்கரை. ஆரஞ்சு உடை மாட்டிவிடப்பட்ட 21 பேரைக் கறுப்பு உடைக்காரர்கள் நடத்திவந்து மண்டியிட வைத்தார்கள். 20 பேர் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள். ஒருவர் கானா நாட்டவர். பிழைப்புக்காக லிபியா போன கூலித் தொழிலாளர்கள். 13 பேருக்கு மின்யா மாகாணத்தின் அல்-ஊர் கிராமமே சொந்த ஊர். கத்தி கழுத்துக்கு வந்த நேரத்திலும் அவர்களின் உதடுகள் இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஐ.எஸ். அமைப்பு எடுத்த படத்திலேயே அது பதிவாகியிருந்தது.

மறுநாள் விடியலில் எகிப்தின் போர் விமானங்கள் லிபியாவின் தெர்னா நகரில் குண்டு வீசின. அது அரசின் பதில். அல்-ஊரின் பதில் வேறு மாதிரி வந்தது.

சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்த ஒருவர், சாட்-7 என்ற கிறிஸ்தவத் தொலைக்காட்சியின் நேரலையில் தொலைபேசி வழியாகப் பேசினார். கடைசி நேரத்தில் அவர்கள் அறிக்கையிட்ட விசுவாசத்தை வெட்டாமல் ஒலிபரப்பியதற்காகக் கொலையாளிகளுக்கு நன்றி என்றார். மன்னிப்பைப் பற்றிக் கேட்டார்கள். தன் தாயிடம் பேசியதைச் சொன்னார். கொன்றவன் தெருவில் எதிர்ப்பட்டால் என்ன செய்வாய் என்று கேட்டாராம். அவனை வீட்டுக்குள் அழைப்பேன், என் பிள்ளைகள் பரலோகம் போக அவன்தானே வழிசெய்தான் என்றாராம் பள்ளிக்கூடம் போகாத அந்தத் தாய். கொலையாளிகளின் கண்களைத் தேவன் திறக்கட்டும் என்று நேரலையிலேயே ஜெபித்துவிட்டுத்தான் அந்த மகன் பேச்சை முடித்தார்.

துயரம் மரத்துப்போய் வந்த பேச்சல்ல இது. காப்டிக் ஆராதனையில் அந்தந்த நாளுக்குரிய இரத்த சாட்சிகளின் வரலாறு வாசிக்கப்படுகிறது. சின்ன வயதிலேயே வலது மணிக்கட்டில் சிலுவையைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். பகைவனுக்காக ஜெபிக்கச் சொன்ன மலைப்பிரசங்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு பழகியவர்கள் அவர்கள். அதே சமயம் குற்றத்தை அவர்கள் பூசி மெழுகவில்லை. செயலை மன்னிக்க முடியாது, செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று பிரிட்டனில் இருந்த காப்டிக் ஆயர் அங்கேலோஸ் தெளிவாகச் சொன்னார்.

சொந்த ஊரிலும் அந்த மன்னிப்புக்குச் சோதனை வந்தது. 21 பேரின் நினைவாக அல்-ஊரில் ஆலயம் எழுப்ப அதிபர் சிசி அனுமதி அளித்தபோது ஒரு கூட்டம் எதிர்த்துக் கல்லெறிந்தது. ஆலயம் ஊரின் ஓரத்துக்கு இடம் மாறியது. 2018 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. மே மாதம் எகிப்தியர் 20 பேரின் உடல்களும் லிபியாவிலிருந்து ஊர் வந்து சேர்ந்தன. கானா நாட்டவரின் உடலும் 2020-இல் அவர்களோடு வந்து சேர்ந்தது.

காப்டிக் திருச்சபையும் ரோமும் கி.பி. 451-இல் கால்சிதோன் சங்கத்தோடு பிரிந்தவை. ஆனால் கொல்கிறவன் கத்தோலிக்கனா, காப்டிக்கா என்று கேட்பதில்லை என்றார் போப் பிரான்சிஸ். 2023 மே மாதம் காப்டிக் போப் இரண்டாம் தவத்ரோஸ் வத்திக்கான் வந்தபோது, இந்த 21 பேரின் பெயர்களையும் ரோமத் திருச்சபையின் இரத்த சாட்சிகள் பட்டியலில் சேர்ப்பதாகப் பிரான்சிஸ் அறிவித்தார். 1,500 ஆண்டுப் பிரிவைத் தாண்டிய அறிவிப்பு அது.

துன்புறும் காப்டிக் மக்களோடு நிற்க விரும்பும் எவரும் அந்தத் தாயின் மன்னிப்பையும் ஏற்றாக வேண்டும். அவர்கள் சிந்திய இரத்தத்தைக் காட்டி இன்னொரு சமூகத்தின்மீது வெறுப்பை வளர்ப்பவர் அவர்களின் பக்கம் நிற்கவில்லை. அவர்களுக்குப் பாதுகாப்பும் நீதியும் கேட்போம். பழி கேட்க வேண்டாம்.

அடுத்த வாரம்: 2017 குருத்தோலை ஞாயிறு. அலெக்சாந்திரியாவில் ஆலய வாசலிலேயே வெடிகுண்டுக்காரனைத் தடுத்து உயிர்விட்ட காவலாளியின் கதை.

(தொடரும்)