உடைந்த கிராங்க், ஒரு மரச் சக்கரம், நடுவுல வாரன்டி

இன்னைக்கு எபிசோடு ஒரு சைக்கிள் பாகத்தைப் பத்தி. சைக்கிள் ஓட்டாதவங்களும் கேளுங்க, ஏன்னா உங்க போன், வாஷிங் மெஷின், பைக் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

சைக்கிள்ல பெடலைத் தாங்குற கை மாதிரியான பாகத்தைக் கிராங்க்னு சொல்லுவாங்க. எழுந்து நின்னு மிதிக்கும்போது உங்க மொத்த எடையும் அதுமேலதான் இறங்குது. அது உடைஞ்சா கால் நேரா ரோட்டுக்கு, முகமும் பின்னாடியே.

2023 செப்டம்பர்ல ஷிமானோ நிறுவனம், அமெரிக்காவுல சுமார் 6,80,000, கனடாவுல சுமார் 80,000 கிராங்க் செட்களுக்கு ரீகால் அறிவிச்சது. 1921-ல ஜப்பானோட சகாய் நகரத்துல ஆரம்பிச்ச கம்பெனி அது. இன்னைக்கு நல்ல சைக்கிள் எதை எடுத்தாலும் கியர்லயோ பிரேக்லயோ அவங்க பேரைப் பார்க்கலாம். ரீகால் அறிவிப்புல இருந்த இன்னொரு எண்: கிராங்க் பிளந்ததா வந்த புகார்கள் 4,519. காயம் பட்டவங்க 6 பேர். அதுல எலும்பு முறிவும் உண்டு.

பாகம் எப்படி உடைஞ்சதுன்னு புரிஞ்சாதான் மத்தது புரியும். எடை குறையணும், உறுதியும் குறையக் கூடாதுன்னா உள்ளே கூடா இருக்குற குழாய் மாதிரி செய்யணும். ஷிமானோவோட விலை உயர்ந்த அல்டெக்ரா, டூரா-ஏஸ் வரிசைகள்ல, 11 ஸ்பீடு காலத்துல, அலுமினியத்துல ரெண்டு துண்டு செஞ்சு, பசை போட்டு ஒட்டி, நடுவுல வெற்றிடம் விட்டாங்க. பார்க்க ஒரே துண்டு மாதிரி பளபளன்னு இருக்கும். வருஷக்கணக்குல வேர்வையும் மழையும் உப்பும் ஒட்டின இடத்துல மெதுவா இறங்கி, உள்ளே அரிப்பு பிடிச்சு, ஒரு நாள் புத்தகத்தைத் திறக்கிற மாதிரி பிளக்கும். பல பொறியாளர்கள் சொல்ற விளக்கம் இதுதான். வேடிக்கை என்னன்னா, ஒரு படி விலை குறைஞ்ச 105 வரிசை அந்த ரீகால் பட்டியல்லயே கிடையாது. அதுல இந்தப் பசை வேலை இல்லை.

இப்போ காலக் கணக்கைப் பாருங்க. ரீகால்ல அடங்குற கிராங்க்கள் 2012-லேர்ந்து விற்பனையானவை. அல்டெக்ராவுக்கு வாரன்டி 2 வருஷம், டூரா-ஏஸுக்கு 3 வருஷம். அரிப்பு அவசரப்படாது. 2014-ல வாங்கின ஒருத்தரோட கிராங்க் 2018-ல பிளந்தா அவர் வாரன்டிக்கு வெளிய. ரசீது இருந்தாலும் பலனில்லை. கடைக்காரர் பேசிப் பார்த்து, சிலருக்குக் கருணையா புதுசு கிடைச்சது, பலருக்குக் கிடைக்கலை. அந்த வருஷங்கள்ல உடைஞ்ச கிராங்க் படங்களை மட்டுமே சேர்த்து வைக்கிற ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம்கூட இருந்தது, ‘நன்றி ஷிமானோ’ங்குற அர்த்தத்துல கிண்டலா பேர் வச்சு. நாங்க சாஃப்ட்வேர்ல பக் ரிப்போர்ட் போடுறோமே, கிட்டத்தட்ட அதேதான். ஆனா டிக்கெட்டை மூட வேண்டிய ஆள் பல வருஷம் திறக்கவே இல்லை.

சரி, உடைஞ்சா யார்கிட்ட கேட்கணும்? பணம் கொடுத்தது கடைக்கு. ஃபிரேம்ல இருக்குற பேர் வேற கம்பெனி. கிராங்க்ல இருக்குற பேர் இன்னொரு கம்பெனி. இந்தக் கேள்விக்கு 180 வருஷ வரலாறு இருக்கு.

1842, இங்கிலாந்து. வின்டர்பாட்டம்னு ஒரு தபால் வண்டி ஓட்டுநர். வண்டி உடைஞ்சு விழுந்து கால் ஊனமாயிடுச்சு. வண்டியைப் பராமரிக்கிறதா தபால் துறைத் தலைவரோட ஒப்பந்தம் போட்டவர் ரைட். ஓட்டுநர் ரைட் மேல வழக்கு போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. ஒப்பந்தம் ரைட்டுக்கும் தபால் துறைக்கும் நடுவுல, உனக்கும் அவருக்கும் ஒண்ணும் இல்லையேன்னு சொல்லிட்டாங்க. இதை அனுமதிச்சா வண்டி கவிழ்ந்து அடிபட்ட ஒவ்வொரு பயணியும், வழிப்போக்கனும் வழக்கோட வருவான்ங்குறதுதான் நீதிபதி அபிங்கரோட பயம். நியாயமான பயம்னு எனக்குத் தோணலை. வரட்டுமே, அடிபட்டவன்தானே வர்றான்?

அடுத்து 1916, நியூயார்க். டொனால்ட் மெக்ஃபர்சன், கல்லறைக் கல் செதுக்குறவர். ஸ்கெனெக்டடி ஊர் டீலர்கிட்ட ப்யூக் கார் வாங்கியிருந்தார். ஓடிட்டிருக்கும்போது ஒரு சக்கரத்தோட மர ஆரங்கள் நொறுங்கி, கார் கவிழ்ந்து, அவர் தூக்கி எறியப்பட்டார். ப்யூக் வச்ச வாதம் ரெண்டு. ஒண்ணு, நாங்க உனக்கு விற்கலை, டீலருக்குத்தான் வித்தோம். ரெண்டு, சக்கரம் நாங்க செஞ்சதே இல்லை, வேற கம்பெனிகிட்ட வாங்கினது. நீதிபதி பெஞ்சமின் கார்டோஸோ ரெண்டையும் ஏத்துக்கலை. தப்பா செஞ்சா உயிருக்கே ஆபத்தான பொருள், வாங்குறவர் அதை மறுபடி சோதிக்காமத்தான் ஓட்டுவார்னு உனக்குத் தெரியும், அப்போ ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாட்டியும் கவனமா செய்யற பொறுப்பு உனக்கு இருக்கு. சக்கரம் வெளிய வாங்கினதுன்னாலும், சோதிச்சிருந்தா குறை தெரிஞ்சிருக்கும், நீ சோதிக்கலை. இதுதான் தீர்ப்போட சாரம். இன்னைக்கு ஒரு சைக்கிள் பிராண்ட், உடைஞ்ச பாகம் எங்களோடது இல்லைன்னு கையை விரிச்சா, அது மெக்ஃபர்சன்கிட்ட ப்யூக் சொன்ன அதே பதில்தான்.

இது அலட்சியத்துக்கான வழக்கு. வாரன்டிங்குற காகிதம் தனிக் கதை. அதுல பெரிய எழுத்துல தர்றதைச் சின்ன எழுத்துல திரும்ப வாங்கிக்கிறது ரொம்பப் பழைய பழக்கம். 1975-ல அமெரிக்காவுல மேக்னசன்-மாஸ் சட்டம் வந்தது. எழுத்துல வாரன்டி கொடுத்தா சாதாரண ஆளுக்குப் புரியற மொழியில எழுது, அது முழு வாரன்டியா வரையறுக்கப்பட்டதான்னு தலைப்புலயே சொல்லுன்னு கட்டாயப்படுத்தினாங்க. அப்புறம்தான் “லிமிடெட் வாரன்டி” எல்லா அட்டைப்பெட்டிலயும் வந்து உட்கார்ந்தது. சட்டம் நேர்மையா தலைப்புப் போடச் சொன்னது, கம்பெனிகள் நேர்மையா “லிமிடெட்”னு போட்டுட்டாங்க!

இப்போ ஷிமானோவுக்கே திரும்புவோம், ஆனா 2023-க்கு இல்லை, 1997-க்கு. அந்த வருஷமும் அவங்க கிராங்க்குக்கு ஒரு ரீகால் நடந்தது. அமெரிக்காவுல மட்டும் சுமார் 10 லட்சம் கிராங்க்கள், எல்லாம் மலை சைக்கிள்கள்ல பொருத்தினவை. 49 கம்பெனிகளோட சுமார் 200 மாடல்கள். உடைஞ்சதா புகார் 630-க்கு மேல, காயம் 22. தீர்வு ரொம்ப எளிமை: கடைக்குப் போங்க, இலவசமா மாத்திக் கொடுப்பாங்க. முடிஞ்சது.

2023-ல அப்படி இல்லை. 2019 ஜூலைக்கு முன்னாடி தயாரானதா இருந்தா ஓட்டுறதை நிறுத்துங்க, கடைக்குப் போங்க, இலவசமா பரிசோதிப்பாங்க. ஒட்டினது பிரியற அறிகுறி இருந்தா மட்டும் புது கிராங்க். இல்லைன்னா அதையே மாட்டிட்டு ஓட்டலாம். பரிசோதிக்கிறது யாரு? மூலைக்கடை மெக்கானிக். எதை வச்சு? பெரும்பாலும் கண்ணை வச்சு. குறையோ உள்ளே, பசைக்கும் உலோகத்துக்கும் நடுவுல.

என் ஆட்சேபம் இங்கதான். 1997-ல சந்தேகத்தோட பலன் ஓட்டுறவருக்குக் கிடைச்சது. 2023-ல கம்பெனிக்குக் கிடைச்சது. ப்யூக் சக்கரத்தைச் சோதிக்கலைன்னு கார்டோஸோ கேட்டார். இங்க சோதிக்கிற வேலை அதைச் செய்யாத, செலவைத் தீர்மானிக்காத ஒரு கடைக்காரர் தலைல போகுது. அவர் “ஓகே”ன்னு சொன்ன கிராங்க் அடுத்த மாசம் பிளந்தா, வாடிக்கையாளர் வந்து நிக்கப் போறது அவர் முன்னாடிதான். கம்பெனி தரப்புலயும் ஒரு வாதம் இருக்கு, மறைக்கக் கூடாது: பெரும்பாலான கிராங்க் உடையலை, லட்சக்கணக்குல நல்ல பாகத்தைத் தூக்கிப் போடுறது வீண். ஆனா எது நல்லதுன்னு வெளிய இருந்து உறுதியா சொல்ல முடியாத வடிவமைப்பை எடுத்தது அவங்கதானே?

ரீகால் வந்த கொஞ்ச நாள்லயே கலிஃபோர்னியாவுல கூட்டு வழக்கு வந்தது. ஷிமானோவோட சேர்த்து, அந்த கிராங்க்கை மாட்டி வித்த பெரிய சைக்கிள் பிராண்ட்களையும் பிரதிவாதிகளா போட்டாங்க. மெக்ஃபர்சனுக்கு அப்புறம் அது சாத்தியம்.

நம்ம ஊர்ல இருக்குறவங்களுக்கு ஒரு விஷயம். 2020 ஜூலைல நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல பொருள் பொறுப்புக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. எழுத்துல கொடுத்த வாரன்டிக்கு மாறா பொருள் இருந்தா, அலட்சியம் இல்லைன்னு நிரூபிச்சாலும் தயாரிப்பாளர் தப்பிக்க முடியாது. நீங்க வசிக்கிற ஊர்லயே புகார் போடலாம், கடை இருக்குற ஊருக்கு ஓட வேண்டியதில்லை. முதல்ல 1915-க்கு போன் பண்ணிப் பேசிப் பாருங்க.

ஈசிஆர்ல உப்புக் காத்துல வாரா வாரம் ஓட்டுறவங்க, செகண்ட் ஹேண்ட் அல்டெக்ரா வாங்கினவங்க இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. கிராங்க் கையைத் துடைச்சு, உள்பக்கம் பெடலுக்குக் கிட்ட பொறிச்சிருக்குற ரெண்டு எழுத்தைப் பாருங்க. தயாரிப்புத் தேதி அதுலதான் இருக்கு, ரீகால் பட்டியலோட ஒப்பிட்டுப் பார்க்கலாம். படம் எடுத்து வச்சுக்கோங்க, ரசீதையும் சேர்த்து. மிதிக்கும்போது புதுசா கிரீச் சத்தம் வந்தா, எண்ணெய் போட்டுச் சமாளிக்காம கடைக்கு எடுத்துட்டுப் போங்க.