ஆஃப்ரோடு கிளப்புகளும் பொதுத் தடங்களும்: மதுரைச் சமவெளி

ஆஃப்ரோடு கிளப் என்பது தார்ச்சாலை முடிந்த இடத்துக்கு அப்பால் மண்ணிலும் மணலிலும் பாறையிலும் சேற்றிலும் வண்டி ஓட்டுவதில் நாட்டம் உள்ளவர்கள் கூடி நடத்தும் சங்கம். நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும் ஜீப் வகை வண்டிகள் ஒரு பிரிவு; முரட்டு டயரும் உயர்ந்த சஸ்பென்ஷனும் கொண்ட மோட்டார் சைக்கிள்கள் இன்னொரு பிரிவு. இந்தியாவில் இதன் தொடக்கம் இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப். போர் முடிந்த சில ஆண்டுகளில் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் அதைக் கோத்து விற்கத் தொடங்கியது. காவல்துறை, வனத்துறை, மலைத்தோட்டங்கள் என்று அரை நூற்றாண்டு அது வேலை வண்டியாகவே ஓடியது. பொழுதுபோக்காகப் பெருகியது பிற்பாடுதான். 2010இல் மஹிந்திராவின் ‘தார்’ ஜீப் வந்தது. 2014இல் மலேசியாவின் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி கோவாவுக்கு வந்தது. 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும் 2020இல் தாரின் புதிய வடிவமும் சந்தைக்கு வந்தன. வண்டி கிடைத்த வேகத்தில் ஓட்டுவதற்குத் தடம் கிடைக்கவில்லை. எந்தத் தடத்தில், யாருடைய இசைவோடு, எத்தனை வண்டி போகலாம் என்பதற்கு விடை தேடுவதே இன்று ஒரு கிளப்பின் முதல் வேலை. பந்தயமும் பயிற்சியும் அதற்குப் பின்னால் வருபவை. திருப்பரங்குன்றத்தைச் சுற்றியுள்ள மதுரைச் சமவெளியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஏனென்றால் இங்கே யாருக்கும் பயன்படாத நிலம் என்று ஒன்று கிடையாது.

திருப்பரங்குன்றம் மலையில் கோயிலும் தர்காவும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களும் இருக்கின்றன. அடிவாரத்தைச் சுற்றிக் கிரிவலப் பாதை போகிறது. அங்கே வண்டி விளையாட்டுக்கு இடமில்லை. கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் அதுவே பொருந்தும். பேச வேண்டியது மலைகளுக்கு இடைப்பட்ட நிலத்தைப் பற்றி: நிலையூர், தென்கால் போன்ற கண்மாய்களின் கரைகள், நாகமலை அடிவாரத்து மேய்ச்சல் வெளி, வயல்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதைகள், ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகள், தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் காடுகள். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இவை வெற்றிடமாகத் தெரியலாம். வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் புல எண்ணும் வகைப்பாடும் உண்டு: வண்டிப்பாதை, களம், மந்தை, மேய்ச்சல், ஓடை, கண்மாய், மயானம். எல்லாமே புறம்போக்குதான், ஆனால் எல்லாமே ஒரே காரியத்துக்கு ஒதுக்கியவை அல்ல. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டுள்ள கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு. சிறியது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊருக்குள் போகும் பாதை ஊராட்சியுடையது. காப்புக்காட்டின் எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் வந்துவிடுகிறது. அனுமதியில்லாமல் நுழைவதே அங்கே குற்றம். ஒரு காலைப் பயணத்திலேயே வண்டி இந்த நான்கு அதிகார எல்லைகளையும் தொட்டுவிடலாம்.

புறம்போக்கு பொதுச்சொத்து, பொதுப்பாதையில் போக யாரிடம் கேட்க வேண்டும் என்பது ஓட்டுநர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வழியுரிமை எப்போதும் ஒரு பயனோடு ஒட்டியே வருகிறது. தனியார் நிலங்களுக்கு இடையிலான வழியுரிமையைப் பற்றிப் பேசும் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், ஒரு வகையான வழியுரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்று தெளிவாகவே சொல்கிறது. ஆள் நடக்கும் வரப்பு உரிமை அதனாலேயே வண்டி ஓட்டும் உரிமை ஆகிவிடாது. பொதுப்பாதைக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாவிட்டாலும் அதன் அடிப்படை நியாயத்தைக் கிராமத்தில் எவரும் ஒப்புக்கொள்வார்கள். இதோடு மோட்டார் வாகனச் சட்டமும் இருக்கிறது. மாநில அரசின் எழுத்துமூல இசைவு இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதை அதன் 189ஆம் பிரிவு தண்டிக்கிறது. பொதுமக்கள் போய்வரும் உரிமையுள்ள எந்த இடமும் அந்தச் சட்டத்தில் பொது இடம்தான். தார் போட்டிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. வழக்கமான காப்பீட்டுப் பாலிசியும் பந்தயத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. பொது என்ற வாதத்தை நம்பிப் போட்டி நடத்தும் கிளப், ஒரு விபத்து நேர்ந்தால் சட்டத்துக்கும் காப்பீட்டுக்கும் வெளியே நிற்க நேரிடும்.

சேதம் எப்படி நேர்கிறது என்பதைக் கண்மாய்க் கரையில் கிட்டப் போய்ப் பார்த்தால் விளங்கும். கரை என்பது மண்ணைக் குவித்து இறுக்கியது. தண்ணீர் மோதும் உள்பக்கத்தில் அலைக்கல் பதித்திருக்கலாம், வெளிச்சரிவில் பெரும்பாலும் வெறும் மண்ணும் புல்லும்தான். காய்ந்த கரையில் வண்டி மெதுவாகப் போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஐப்பசி மழையில் ஊறிய கரையில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன் எடையுள்ள ஜீப் சக்கரம் சுழலப் போனால் இரண்டு பள்ளங்கள் விழும். அதுவரை இரு பக்கமும் பிரிந்து வழிந்த மழைநீர் அடுத்த மழையில் பள்ளத்துக்குள் இறங்கி, கரை நெடுக ஓடி, தாழ்வான ஓர் இடத்தில் வெளிச்சரிவை அறுத்துக்கொண்டு இறங்கும். பத்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் பத்தாவது வண்டி முதல் வண்டியின் பள்ளத்தையே ஆழப்படுத்துகிறது. கண்மாய் நிறையும் காலத்தில் அந்த அரிப்பைக் கண்டுபிடித்து மணல்மூட்டை அடுக்குவது நீர்ப்பாய்ச்சியும் ஆயக்கட்டு விவசாயிகளும்தான். டிராக்டரும் டிப்பரும் இதே சேதத்தைச் செய்வதில்லையா என்று கேட்கலாம். செய்கின்றன, பல இடங்களில் கூடுதலாகவே. ஆனால் டிராக்டர்காரர் ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்துபோன ஜீப்பை எங்கே தேடுவது? வண்டியின் எடையைவிட இந்த வேறுபாடே முக்கியம். தடத்தைப் பகிர்ந்துகொள்வதன் அடிப்படை, சேதத்துக்குப் பதில் சொல்ல முகவரியுள்ள ஓர் ஆள் இருப்பது. கிளப் என்ற அமைப்புக்கு ஏதாவது நியாயம் உண்டென்றால் அந்த முகவரியாக இருப்பதுதான்.

மதுரை மாவட்டத்தில் அந்த முகவரிக்குக் கூடுதல் தேவை உண்டு. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரி முறைகேடுகள் 2012இல் வெளிச்சத்துக்கு வந்தன. 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை விசாரணைக்கு நியமித்தது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேர் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அதைத் தொட்டபடி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. கிராமங்கள் திரண்டன, சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இத்தனையும் பார்த்த ஊரில், நம்பர் பிளேட் சேற்றில் மறைந்த நான்கு வண்டிகள் பாறை அடிவாரத்தில் நின்றால் முதலில் தோன்றும் எண்ணம் விளையாட்டு என்பதாக இருக்காது. அளக்க வந்திருக்கிறார்கள், அல்லது மண் அள்ள வந்திருக்கிறார்கள் என்றே தோன்றும். அந்தச் சந்தேகத்தைக் குறைசொல்ல எவருக்கும் தகுதியில்லை.

முறைப்படுத்திய தடப் பகிர்வு எப்படி நடக்கிறது என்பதற்குக் கண்ணெதிரே உள்ள எடுத்துக்காட்டு கொழுக்குமலை. தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டி ஏறும் வழியோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து, இன்னொரு கம்பெனியின் தேயிலைத் தோட்டத்தின் ஊடாகப் போகிறது. போடி, கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளின் மரபில் வந்ததுதான் இங்குள்ள ஓட்டுநர்களின் கைப்பழக்கம். சூரிய உதயம் பார்க்க வருபவர்கள் இருட்டோடு சூரியநெல்லியில் கூடி, உள்ளூர் ஜீப்பில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி மேலே போகிறார்கள். சொந்த வண்டியில் யார் வேண்டுமானாலும் ஏறும் தடம் அல்ல அது. நிலம் தோட்டக் கம்பெனியுடையது, ஓட்டுவது உள்ளூர்க்காரர், கண்காணிப்பது மாவட்ட நிர்வாகம்; மூன்று தரப்புக்கும் தடம் கெடாமல் இருப்பதில் ஆதாயம் உண்டு. அப்படியிருந்தும் விபத்துகள் நேர்ந்தன. 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சஃபாரிகளை நிறுத்தியது. பிறகு பாதுகாப்பு நிபந்தனைகளோடு படிப்படியாகத் திறந்தது. அதே மாவட்டத்தின் வாகமண்ணில் 2022 மே மாதம் தடையை மீறி ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஆஃப்ரோடு பந்தயம் வேறுவிதமாக முடிந்தது: ஏற்பாட்டாளர்கள் மீதும் கலந்துகொண்ட மலையாளத் திரைப்பட நடிகர் மீதும் வழக்கு வந்தது. நடைப்பயணத்திலும் இதே பாடம் உண்டு. கொழுக்குமலையிலிருந்து கீழே இறங்கும் குரங்கணிச் சரிவில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தனர். அதன் பிறகு மாநில அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களை அடையாளம் குறித்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு, முன்பதிவு முறையில் திறந்தது. தீக்காலத்தில் அவை மூடப்படுகின்றன. மூடிய பிறகுதான் ஒழுங்காகத் திறக்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் 1972இல் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணை, மத்திய அரசு நிலங்களில் இவ்வகை வண்டிகளுக்கான தடங்களைக் குறித்து ஒதுக்கச் சொன்னது. நடைமுறையில் பல தேசியக் காடுகள் மூடாத வரை திறந்தவையாகவே கிடந்தன; 2005இல் வனத்துறை அந்த விதியைத் தலைகீழாக்கி, வரைபடத்தில் குறித்த தடம் தவிர மற்றவை மூடியவை என்றது. கிளப்புகள் கடுமையாக எதிர்த்தன, ஆனால் வரைபடத்தில் ஏறிய தடத்துக்கு ஒரு நிலைத்தன்மை கிடைத்தது. இங்கிலாந்தில் நடந்தது இன்னும் கசப்பானது. 2006இல் வந்த இயற்கைச் சூழல், ஊரகச் சமூகங்கள் சட்டம், பதிவேட்டில் வண்டிப்பாதையாக ஏறாத பழம் பாதைகளில் மோட்டார் வண்டிக்கு இருந்த பொது உரிமையைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஓட்டிவந்தோம் என்ற பேச்சு எடுபடவில்லை; எழுதி வைத்தது மட்டுமே நின்றது. தமிழகத்துக்கு இதில் நேரான எச்சரிக்கை உண்டு. 1980களின் யுடிஆர் (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) பதிவுகளில் நேர்ந்த பிழைகளாலும் அதற்குப் பின் வந்த ஆக்கிரமிப்புகளாலும் எத்தனையோ வண்டிப்பாதைகள் வயலுக்குள்ளும் பிளாட்டுக்குள்ளும் கரைந்துவிட்டன. அவற்றை மீட்க மனுவோடு அலைவது பெரும்பாலும் விவசாயிகள்தான். கிளப்புகளுக்கும் அதே பாதைதான் வேண்டும் என்பதால், இந்தப் போராட்டத்தில் இரு தரப்பின் நலனும் ஒன்றாகிறது. இது இதுவரை அதிகம் பேசப்படாத விஷயம்.

காசுள்ளவர்களின் விளையாட்டுக்கு ஊர் ஏன் இடம் கொடுக்க வேண்டும் என்பது வலுவான மறுப்பு. 2018 கேரள வெள்ளத்தில் ஆஃப்ரோடு ஜீப்புகள் மீட்புப் பணியில் இறங்கியதைக் கிளப்காரர்கள் இதற்குப் பதிலாகச் சொல்வார்கள். அது பாராட்டுக்குரிய சேவை. ஆனால் சேவை செய்தவருக்கு அதனால் வழியுரிமை பிறந்துவிடாது. சரியான பதில் இதைவிட எளியது: இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் ஊருக்கு இல்லை, பேரம் பேசும் உரிமை உண்டு. எத்தனை வண்டி, எந்த மாதம், எந்தக் கரை, பள்ளம் விழுந்தால் யார் நிரப்புவது என்பதை ஊர் முடிவு செய்யட்டும். ஒப்புக்கொள்ள முடியாத கிளப் வேறு இடம் பார்க்கட்டும். சொந்த நிலம் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதும் அபத்தமான யோசனை அல்ல. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு களம் அமைத்தது. போட்டிகளுக்கு அதுவே உகந்த வழி. நீண்ட பயணத் தடத்துக்குத்தான் அது உதவாது. முப்பது கிலோமீட்டர் பாதையை எந்தக் கிளப்பாலும் விலைக்கு வாங்க முடியாது.

கிளப்பில் சேராதவரை யார் தடுப்பது என்ற மறுப்புக்கு முழுமையான விடை கிடையாது. கொழுக்குமலைக்கு ஏறும் வழி ஒன்று, அதனால் கண்காணிக்க முடிகிறது. சமவெளிக்கு நூறு வாசல். எனவே இங்கே விதி எளிதாகவும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து கண்மாயில் நீர் வற்றும்வரை கரையில் பொழுதுபோக்கு வண்டி ஏறக்கூடாது என்ற ஒரே விதி, பத்துப் பக்க நன்னடத்தைக் கையேட்டைவிடப் பயன் தரும். கரிசலில் அதற்குக் காவல்கூடத் தேவையில்லை. மழை பெய்த கரிசல் தானே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றத் தடங்களுக்கு இசைவு கேட்கச் சரியான இடம் கிராமசபை. தமிழகத்தில் அது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. போகும் முன் பாதையின் புல எண்ணையும் வகைப்பாட்டையும் கிளப் தெரிந்துகொண்டு போக வேண்டும். அ-பதிவேட்டு விவரத்தையும் புலப்பட நகலையும் மாநில அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.